தண்ணீர்மலையும் 1848ஆம் ஆண்டின் ஓர் எச்சரிக்கையும்



நீர்ச்சுழற்சியைக் கற்பித்துக்கொண்டிருந்த வேளை. பலகையில் கடல், கதிரவன், மேகம், மலை, ஆறு என வரைந்து, அம்புக்குறிகளையும் இட்டு, "காடு இருந்தால்தான் மழை பெய்யும்" என்று வழக்கம்போல் பாடத்தை முடித்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கடலில் மரமே இல்லையே, அங்கே மட்டும் ஏன் மழை பெய்கிறது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது சரியான கேள்வி. அதற்கு என்னிடம் அன்று சரியான விடை இல்லை.

விடையைத் தேடிப் போனபோது, அதே கேள்வி ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே நம் பினாங்குத் தீவின் மலைச்சரிவில் எழுந்திருப்பதைக் கண்டேன். அந்த வரலாற்றை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். காடும் மழையும் பற்றி நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வாசகம் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால், கடலைக் காட்டிக் கேட்கும் பிள்ளையின் முன்னே நாம் வாயடைத்து நிற்க நேரும்.

பினாங்கில் தைப்பூசம் என்றதும் நம் நினைவுக்கு வருவது தண்ணீர்மலை. இன்று 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறி நாம் வணங்கும் பாலதண்டாயுதபாணி கோயில் முதலில் இப்போதைய குன்றின்மேல் இல்லை. தாவரவியல் பூங்காவை ஒட்டிய அருவியின் அருகே சிறு வழிபாட்டிடமாகத்தான் அது தொடங்கியது. மலைக்குத் 'தண்ணீர்மலை' என்று பெயர் வந்த காரணமும் அந்த அருவிதான். தீவின் நடுவே உள்ள மலைத்தொடரிலிருந்து இறங்கும் நீரை மலாய்க்காரர்களும் ஊர்ப்பெயரில் பொதிந்து வைத்தார்கள். ஆயர் ஈத்தாம் என்றால் கருநீர். ஆங்கிலேயரும் அருவிச்சாலை என்றே தெருவுக்குப் பெயரிட்டனர். மூன்று மொழிக்காரரும் அந்த மலையைப் பார்த்ததும் முதலில் சொன்னது நீரைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தைப்பூசம் வருவது ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. பினாங்கில் மழை மிகக் குறைவாக இருக்கும் காலம் அதுவே. வாரக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும். ஆயினும் மலையோடைகளில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். மெலிந்து ஓடும், நிற்காது. மழை இல்லாத நாளில் ஓடும் அந்த நீர் எங்கிருந்து வருகிறது? நீர்ச்சுழற்சியில் காட்டின் பங்கு என்ன என்ற வினாவின் உயிர்நாடி இதில்தான் இருக்கிறது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் தீவில் கால்வைத்தபோது, மலைகள் அடர்ந்த காடுகளால் மூடப்பட்டிருந்தன. இரண்டே ஆண்டுகளில் மலைக்குப் பாதை வெட்டப்பட்டது. உச்சியை ஒட்டிய ஓரிடத்தில் லைட் செம்புற்றுப் பழச்செடி, அதாவது ஸ்ட்ராபெர்ரி, பயிரிட முயன்றதாகச் சொல்வர். அந்தக் குன்றின் பெயர் இன்றும் ஸ்ட்ராபெர்ரி ஹில்தான். அவரைப் பின்தொடர்ந்து வந்த வெள்ளையர்கள் குளிர்ச்சி தேடி மாளிகைகள் கட்டினார்கள். மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகிய நறுமணப் பயிர்களை இங்கே பெருக்கி ஒல்லாந்தரின் வாணிக ஆதிக்கத்தை உடைக்க வேண்டும் என்பது கிழக்கிந்தியக் கும்பினியின் ஆசை. ஆக, சரிவுகளில் தோட்டங்கள் ஏறின. நகரத்திற்கு விறகும் கட்டுமரமும் வேண்டும். அவையும் மலையிலிருந்தே வந்தன.

நகரத்திற்கு வேண்டிய குடிநீரும் அதே மலையிலிருந்துதான் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவி நீரை ஜார்ஜ் டவுனுக்குக் கொண்டுவரக் கால்வாய் அமைத்துவிட்டார்கள். துறைமுகத்தில் நின்ற கப்பல்களும் அந்நீரையே நம்பியிருந்தன. மரத்தையும் நீரையும் ஒரே மலையிடம் ஓர் ஊர் கேட்டது. இரண்டையும் எவ்வளவு காலத்திற்கு அம்மலை தரும்?

இதை எழுத்தில் கேட்டவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். ஸ்காட்லாந்தில் பிறந்து, 1839ஆம் ஆண்டளவில் இளைஞராகப் பினாங்கு வந்தவர், தொழிலால் வழக்கறிஞர். 1847இல் சிங்கப்பூரிலிருந்து தீவுக்கூட்டப் பகுதிகளைப் பற்றிய ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். மக்கள் அதை 'லோகனின் இதழ்' என்றே அழைத்தார்கள். 'இந்தோனேசியா' என்ற பெயர் நிலைபெறுவதற்கு 1850இல் அவ்விதழில் அவர் எழுதிய கட்டுரையே வழிவகுத்தது. ஐரோப்பியர் அல்லாத எளிய மக்களுக்காக வழக்காடிய காரணத்தால், 1869இல் அவர் மறைந்தபோது ஊரே துயருற்றது. பொதுமக்கள் பணம் திரட்டி எழுப்பிய அவருடைய நினைவுச்சின்னத்தை இன்றும் பினாங்கு நீதிமன்றத்தின் அருகே காணலாம். மாணவர்களை ஜார்ஜ் டவுனுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் நாம் அதைக் கடந்துதான் போகிறோம். நின்று பார்ப்பதில்லை; நானும் பல முறை கடந்து போனவன்தான்.

1848இல் தம் இதழில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை, பினாங்கின் மலைக்காடுகள் தொடர்ந்து அழிக்கப்பட்டால் தீவின் தட்பவெப்பத்திற்கு நேரக்கூடிய விளைவுகளைப் பற்றியது. மூன்று பக்கங்களுக்குள் அடங்கும் அக்கட்டுரையில் அவர் இரண்டு செய்திகளை முன்வைத்தார். நகரத்தைப் பார்த்த கிழக்குச் சரிவுகள் சில ஆண்டுகளுக்குள் மொட்டையாகிவிட்டன என்பது ஒன்று. தட்பவெப்பம் என்பது நிலக்காரர் ஒருவரின் சொத்தன்று, ஊரார் அனைவரையும் சார்ந்தது. எனவே அதைக் கெடாமல் காப்பது அரசாங்கத்தின் கடமைகளுள் ஒன்று என்பது மற்றொன்று. 1848இல், கும்பினி ஆட்சியில், வருவாய் ஒன்றையே கண்ணாகக் கொண்ட நிர்வாகத்தை நோக்கி இப்படிச் சொல்வது சிறிய காரியம் அன்று.

அவரிடம் குறையும் உண்டு. அக்காலத்து வெள்ளையர் பலரைப் போல, அவரும் காட்டழிவுக்குச் சீனக் குடியானவர்களையே பெரிதும் குறைகூறினார். கோடரி பிடித்த கை சீனரின் கையாக இருந்திருக்கலாம். பயிருக்கும் விறகுக்கும் விலைவைத்தது யார்? சாதிக்காய்த் தோட்டங்களுக்கு ஊக்கம் அளித்தது எந்தக் கொள்கை? அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகும்.

லோகனின் அச்சம் வானத்திலிருந்து குதித்ததன்று. 1769ஆம் ஆண்டிலேயே மொரீசியஸ் தீவில் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சு நிர்வாக அதிகாரி, நீரோடைகளையும் மழையையும் கருதிக் காட்டுப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தார். 1800இல் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் தென்னமெரிக்காவின் வலென்சியா ஏரியைக் கண்டார். ஏரி வற்றிக்கொண்டிருந்தது, சுற்றியிருந்த காடு வெட்டப்பட்டதும் ஆற்றுநீர் பாசனத்திற்குத் திருப்பப்பட்டதும் காரணம் என்றார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து பூசிங்கோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர் அங்குச் சென்றபோது, விடுதலைப் போரினால் வயல்கள் கைவிடப்பட்டுக் காடு மீண்டும் வளர்ந்திருந்தது; ஏரியின் நீர்மட்டமும் உயர்ந்திருந்தது. காடு போனால் நீர் போகும், காடு வந்தால் நீர் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டது. வயல்கள் கைவிடப்பட்டபோது பாசனமும் நின்றுபோனதே, நீர்மட்டம் உயர அதுவும் காரணமாக இருக்கலாமே என்று அன்று அழுத்திக் கேட்டவர் குறைவு.

நம் முன்னோரின் மண்ணோடும் இதற்குத் தொடர்புண்டு. சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்த எட்வர்டு பால்ஃபர், மரங்கள் தட்பவெப்பத்தின்மேல் செலுத்தும் தாக்கம் குறித்து 1840களில் கட்டுரை எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. 1850இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் வெப்பமண்டலக் காட்டழிவை ஆராயக் குழு அமைத்தது. அறிக்கையை எழுதியவர்களுள் முதன்மையானவர் ஹியூ கிளெக்ஹார்ன். 1856இல் சென்னை மாகாண வனத்துறை உருவானபோது அதன் பொறுப்பை ஏற்றவரும் அவரே. வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் குரோவ், 1995இல் வெளிவந்த 'பசுமை ஏகாதிபத்தியம்' என்னும் நூலில் இந்த மருத்துவர்களையும் தீவுகளையும் லோகனையும் ஒரே சரத்தில் கோத்துக் காட்டியிருக்கிறார். சுற்றுச்சூழல் அக்கறை ஐரோப்பியத் தலைநகரங்களில் பிறந்து இங்கே வந்தது என்று நாம் நினைக்கிறோம். குடியேற்றத் தீவுகளின் வறண்ட ஓடைகளில்தான் அது வளர்ந்தது என்பது அவருடைய வாதம்.

எச்சரிக்கைக்குப் பலன் உடனே கிட்டவில்லை. 35 ஆண்டுகள் கழிந்தன. 1883இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தேனியல் கேன்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தார். சிங்கப்பூரில் காம்பிர், மிளகுத் தோட்டங்கள் காட்டைத் தின்று தீர்த்துவிட்டன; பழைய காட்டில் எஞ்சியது ஏறத்தாழ 7 விழுக்காடு மட்டுமே என்று அவர் மதிப்பிட்டார். காம்பிர் இலையை வேகவைக்க விறகு வேண்டும். மண் சாரமிழந்ததும் அடுத்த காட்டுக்குப் போவார்கள். அறிக்கையின் விளைவாகக் காப்புக்காடுகள் ஒதுக்கப்பட்டன. 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் பினாங்குக்கு அனுப்பப்பட்டார். அருவிப் பள்ளத்தாக்கின் பழைய கல்லுடைப்பு இடத்தை அவர் தாவரவியல் பூங்காவாக மாற்றினார். பூங்காவோடு காட்டையும் காப்பது அவருடைய பணியாக இருந்தது. 1910இல் பூங்காவையே நீர்த்தேக்கமாக்கும் நோக்கத்துடன் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு 1912இல் பூங்கா திரும்பக் கிடைத்தது. நாம் குழந்தைகளோடு குரங்குக்கு அஞ்சியபடி நடக்கும் அந்தப் புல்வெளி, நீருக்கடியில் போயிருக்க வேண்டியது.

இனி, என் மாணவனின் கேள்விக்கு வருவோம். லோகன் சொன்னது சரியா?

இருபதாம் நூற்றாண்டு வரை யாரும் அளந்து பார்க்கவில்லை. முதலில் அளந்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். எம்மென்டால் பகுதியில் காடு மூடிய பள்ளத்தாக்கு ஒன்றையும் பெரும்பாலும் மேய்ச்சல் நிலமாக இருந்த பள்ளத்தாக்கு ஒன்றையும் அருகருகே எடுத்துக்கொண்டு, ஓடைநீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 1910 முதல் 1926 வரை இரண்டு ஓடைகளை அளந்தார்கள். இடையில் ஒன்றின் காட்டை வெட்டிவிட்டார்கள். 1934இல் வட கரோலினாவில் கவீட்டா ஆய்வுக்கூடம் தொடங்கியது. இவற்றின் முடிவு பலரையும் திகைக்க வைத்தது. காட்டை வெட்டிய பிறகு ஓடையில் ஆண்டு முழுவதும் ஓடிய மொத்த நீர் குறையவில்லை; கூடிற்று. 1982இல் போஷ், ஹியூலெட் ஆகிய இருவரும் உலகின் பல பகுதிகளில் நடந்த 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே போக்கே தெரிந்தது. பகாங்கின் தெக்காம் ஆற்றுப் பகுதியில் காட்டை அழித்துக் கொக்கோவும் செம்பனையும் நட்ட இடங்களிலும் ஓடைநீர் அதிகரித்ததையே நம் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஏன் இப்படி? மரம் நீரைக் குடிக்கிறது என்பது எளிய விடை. மழைத்துளியில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி ஆவியாகிவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கியதில் பெரும்பகுதியை வேர்கள் உறிஞ்சி, இலைத்துளைகளின் வழியே காற்றுக்கு அனுப்புகின்றன. நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் பல ஆண்டுகள் அளந்து பார்த்ததில், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீட்டர் மழை பெய்யும் அவ்விடத்தில் 1,300 மில்லிமீட்டரை ஒட்டிய நீர் ஆவியாக மீண்டும் வானுக்கே செல்வது தெரியவந்தது. மூன்றில் இரண்டு பங்கு! ஓடைக்குக் கிடைப்பது மீதியே. மரத்தை வெட்டினால் அந்தக் குடிப்பவன் இல்லை. நீர் ஓடைக்கு வருகிறது.

அப்படியானால் காடு தேவையில்லையா என்று பெற்றோர் கேட்கலாம். சற்றுப் பொறுங்கள். மொத்த நீர் கூடுகிறது என்பது உண்மை. அது எப்போது வருகிறது என்பதே கேள்வி.

காட்டின் தரையில் உதிர்ந்த இலைகள் மெத்தைபோல் கிடக்கின்றன. அதன் கீழே மண்புழுவும் கரையானும் வேரும் துளைத்த மண். எவ்வளவு கனமழை பெய்தாலும் பெரும்பாலும் அது மண்ணுக்குள்ளேயே இறங்கிவிடும். பினாங்கு மலை கருங்கல்லால் ஆனது. அதன் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து தடித்த மண்ணாகியிருக்கிறது. இறங்கிய நீர் அதில் தங்கி, வாரக்கணக்காக, மாதக்கணக்காகக் கசிந்து ஓடையை அடைகிறது. தைப்பூசத்தன்று ஓடும் நீர் முந்தைய அக்டோபரிலும் நவம்பரிலும் பெய்த மழையின் மிச்சம். காட்டை அழித்து, மண்ணை இயந்திரம் மிதித்து இறுக்கி, சாலை போட்டு, சிமென்ட் பூசிவிட்டால் மழை உள்ளே இறங்க வழியில்லை. பெய்த அன்றே சேற்றோடு பாய்ந்து கடலுக்குப் போய்விடும். ஆண்டுக் கணக்கில் நீர் அதிகம். தைப்பூசத்தன்று ஓடையில் ஒன்றும் இராது. வெப்பமண்டலக் காட்டு நீரியலை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த டச்சு அறிஞர் புருயின்சீல் 2004இல் வெளியிட்ட விரிவான ஆய்வுக் கட்டுரை இதைத்தான் வலியுறுத்துகிறது: மரத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாம் மண்ணைப் பார்க்க மறந்தோம்.

வகுப்பில் இதைக் காட்டுவது எளிது. இரண்டு பெரிய நெகிழிப் புட்டிகளைப் படுக்கவைத்து, மேற்புறத்தை வெட்டி, இரண்டிலும் மண் இடுங்கள். ஒன்றில் மண்ணைத் தளர்வாக இட்டுக் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். மற்றொன்றில் மண்ணை அழுத்தி வெறுமையாக விடுங்கள். வாய்ப்பகுதி தாழ்ந்திருக்கும்படி சற்றுச் சாய்த்து, இரண்டிலும் ஒரே அளவு நீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து கலங்கல் நீர் உடனே கொட்டும். இலைமூடிய மண்ணிலிருந்து நீர் தாமதமாக, தெளிவாக, நெடுநேரம் சொட்டும். அளந்து எழுதச் சொல்லுங்கள். என் மாணவர்கள் அன்று மணி அடித்த பிறகும் எழவில்லை.

சரி, மழை? காடு மழையைத் தருகிறதா? பினாங்கு போன்ற சிறு தீவில், சுற்றிலும் கடல். அங்குப் பெய்யும் மழையைப் பருவக்காற்றும் கடலின் ஈரமும், காற்றை மேலேற்றிக் குளிரச் செய்யும் மலையின் உயரமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. மலைக்காடு முழுவதும் அழிந்தாலும் மழை முற்றாக நின்றுவிடாது. இந்த இடத்தில் லோகன் காலத்துக் கருத்து மிகையானதே. ஆனால் பெருங்கண்டத்தின் உட்பகுதியில் கதை வேறு. 1970களில் பிரேசில் நாட்டு அறிஞர் எனியாஸ் சலாட்டி, அமேசானின் மழைநீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களின் வகைகளை ஆராய்ந்தார். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் ஈரம் காட்டின்மேல் மழையாகி, மரங்களால் மீண்டும் ஆவியாகி, மேற்கே நகர்ந்து மறுபடியும் மழையாவதை அவர் காட்டினார். ஒரே நீர் பல முறை பெய்கிறது. உலகின் நிலப்பரப்பில் பெய்யும் மழையில் 40 விழுக்காட்டை ஒட்டியது நிலத்திலிருந்தே ஆவியானது என்று 2010இல் வெளிவந்த கணிப்பு கூறுகிறது. கடலுக்கு மரம் தேவையில்லை, ஏனெனில் அதுவே நீர். கடலிலிருந்து தொலைவில் உள்ள நிலத்திற்குத்தான் கடலின் வேலையைச் செய்ய ஒருவர் வேண்டும். காடு அதைச் செய்கிறது. மாணவனுக்கு இப்படித்தான் விடை கூறினேன். அவன் ஏற்றுக்கொண்டான்.

திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தை இதற்குப் பிறகு மீண்டும் படித்தேன். மழை பொய்த்தால் பசும்புல்லும் தலைகாட்டாது, மேகம் திருப்பித் தராவிட்டால் கடலும் வளம் குன்றும் என்ற கருத்துகள் அங்குண்டு. மரம் மழையை அழைக்கும் என்ற கருத்தை நான் அங்குக் காணவில்லை. வள்ளுவர் அந்த அவசரத்திற்குப் போகவில்லை, நாம்தான் போய்விட்டோம்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒரு சொல். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கைத் தாக்கிய புயல்மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. உயிர்களும் போயின. உடனே "மலையை வெட்டியதால் வந்த வினை" என்று ஒரு சாராரும், "இயற்கைச் சீற்றம், எவரும் பொறுப்பல்லர்" என்று மறுசாராரும் பேசினார்கள். இரண்டும் அரைகுறை. சுவிட்சர்லாந்தின் இரட்டைப் பள்ளத்தாக்குகளில் நூறாண்டுகளுக்கு முன்பே கண்டது என்னவென்றால், சாதாரண மழையில் காட்டுப் பள்ளத்தாக்கின் வெள்ளம் தணிந்திருக்கும். நீண்ட பெருமழையில் மண் நிறைந்துவிட்ட பிறகு இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் வேறுபாடு இல்லை. 2005இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனமும் அனைத்துலகக் காட்டியல் ஆய்வு மையமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும் இதையே சொன்னது. காடு பெருவெள்ளத்தைத் தடுக்கும் சுவர் அன்று. ஆனால் சரிவு மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும், ஆண்டுதோறும் வரும் சிறு, நடுத்தர வெள்ளங்களைத் தணிப்பதும் காடுதான். கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலம் 'மலைநிலம்' எனப் பினாங்கில் வரையறுக்கப்பட்டிருப்பதும், 1960ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது வருவதும் அதனால்தான். சட்டம் இருந்தும் மலைச்சரிவுகளில் அடுக்குமாடிகள் ஏறிய கதை பினாங்குவாசிகளுக்குத் தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பரப்பு 12,481 எக்டர். லோகன் அஞ்சிய மலை ஒருவாறு பிழைத்துக்கொண்டது எனலாம். ஆனால் பினாங்கு மக்களின் குடிநீர் இப்போது முதன்மையாக அந்த மலையிலிருந்து வருவதில்லை என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1962இல் ஆயர் ஈத்தாம் அணை கட்டப்பட்டது. பின்னர் தெலுக் பஹாங் அணையும் வந்தது. பெருகிய மக்கள்தொகைக்கு அவை போதவில்லை. இன்று பினாங்கு மாநிலத்தின் நீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. பெருநிலத்தில் அதைச் சுத்திகரித்து, கடலடிக் குழாய்களின் வழியே தீவுக்கு அனுப்புகிறார்கள். மூடா ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். தாய்லாந்து எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பெருங்காடு அது. கடாரம் என்று நாம் பெருமையோடு பாடம் நடத்தும் அதே கெடா. பெடு, மூடா அணைகள் 1970ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்டு, நாட்டின் நெற்களஞ்சியமான கெடா, பெர்லிஸ் சமவெளிக்கு இரண்டாம் போகம் தந்தன. பினாங்கின் குழாயும் கெடாவின் வயலும் ஒரே காட்டை நம்பி நிற்கின்றன. 2016இல் எல் நினோ வறட்சியின்போது அந்த அணைகளின் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்ததைச் செய்தித்தாள்களில் படித்தோம்.

அந்தக் காட்டில் மரம் வெட்டுவது குறித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. 'நிரந்தரக் காப்புக்காடு' என்ற பெயரைக் கேட்டதும் வெட்டுக்கு இடமில்லை என்று நாம் எண்ணுகிறோம். 1984ஆம் ஆண்டின் தேசியக் காட்டியல் சட்டத்தின்படி, காப்புக்காட்டிலும் மர உற்பத்திக்கு உரிய வகை உண்டு; உரிமம் பெற்று வெட்டலாம். நமது கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளன. வருவாய் வழிகள் குறைந்த மாநிலத்திற்கு மரம் கைக்கெட்டிய பணம். அண்மை ஆண்டுகளில் கெடா அரசு, காட்டை வெட்டாமல் காப்பதற்கும் நீருக்கும் ஈடாகப் பினாங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்று கோரியது. ஆறு தன் எல்லையை ஒட்டி ஓடுகிறது, தன் கரையிலிருந்தே நீரை எடுக்கிறோம் என்று பினாங்கு மறுத்தது. சட்டப்படி யார் சொல்வது சரி என்பது வழக்கறிஞர்களின் வேலை. என்னைக் கேட்டால், மரத்தை வெட்டினால் பணம், காத்தால் வெறுங்கை என்ற நிலையில் ஒரு மாநிலத்தை வைத்துவிட்டு, அதைக் குறைகூறுவது நியாயமாகத் தெரியவில்லை. சீனக் குடியானவர்களை லோகன் குறைகூறியதுபோல்தான் இதுவும். 2019ஆம் ஆண்டு முதல் இயற்கைக் காப்பிடங்களைப் பேணும் மாநிலங்களுக்குக் கூட்டரசு அரசாங்கம் நிதி வழங்கத் தொடங்கியது. முதலில் ஒதுக்கப்பட்ட தொகை 60 மில்லியன் ரிங்கிட். அது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து.

1848இல் லோகனுக்கு ஒரு வசதி இருந்தது. மலையும் நகரமும் ஓடையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. யாரை நோக்கி எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று காடு ஒரு மாநிலத்தில், வயல் இரண்டு மாநிலங்களில், நகரம் இன்னொரு மாநிலத்தில். உலு மூடாவில் பெய்யும் மழை மண்ணில் இறங்கி, கசிந்து, அணையில் தங்கி, ஆறாக ஓடி, எல்லையைக் கடந்து, கடலுக்கடியில் புகுந்து, ஜார்ஜ் டவுன் வீட்டுச் சமையலறைக்கு வருகிறது. என் வகுப்பறைப் படத்தில் இந்தப் பாதை இல்லை. அதை இப்போது வரைந்து சேர்த்திருக்கிறேன். இடம் போதாமல் பலகையின் அடுத்த பாதிக்கும் நீட்ட வேண்டியதாயிற்று.